கூரைமேல் ஏறும் கம்பி



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் ஆண்டெனா. ஹாம் வானொலி என்கிற அமெச்சூர் வானொலிக்குள் நுழைகிறவர் எல்லாருக்கும் கடைசியாக நினைவுக்கு வருவது இதுதான். முதலில் கேட்பது என்ன? எந்த செட் வாங்கலாம்? எத்தனை வாட்? எத்தனை ரிங்கிட்? இவற்றையெல்லாம் கேட்டு முடித்த பிறகு, செட்டோடு வந்த ஒரு சாண் ரப்பர் குச்சியைத் திருகி மாட்டிவிட்டு, ஒன்றுமே கேட்கவில்லையே என்று மனம் சோர்ந்துபோகிறார்கள்.

நான் திருப்பிக் கேட்கும் கேள்விகள் வேறு. உங்கள் வீடு எத்தனையாவது மாடியில் இருக்கிறது? சன்னல் எந்தத் திசையைப் பார்க்கிறது? கூரைக்குப் போக வழி உண்டா? வீட்டுக்கு மேலே மின்கம்பி ஓடுகிறதா? இவற்றுக்கு விடை தெரிந்தால், செட்டைப் பற்றிப் பிறகு பேசலாம். செட்டை யாரும் காசு கொடுத்து வாங்கிவிடலாம். ஆண்டெனாவை மட்டும் கற்றுக்கொண்டுதான் ஆகவேண்டும்.

இந்தப் படிப்பு நம் ஊருக்குப் புதிதா? இல்லவே இல்லை. 1921இல் ஜொகூர் அரசின் மின்பொறியாளர் ஏ. எல். பர்ச் என்பவர் மலாயாவுக்கு முதல் வானொலிக் கருவியைக் கொண்டுவந்தார். ஜொகூரில் ஒரு வயர்லெஸ் சங்கத்தை அமைத்து 300 மீட்டர் அலையில் ஒலிபரப்பைத் தொடங்கினார். பிறகு கோலாலம்பூரிலும் மலாயா வயர்லெஸ் சங்கம் உருவானது. 1930களில் அந்தச் சங்கம் எங்கிருந்து ஒலிபரப்பியது தெரியுமா? புக்கிட் பெட்டாலிங்கில் இருந்து, 325 மீட்டர் அலையில். புக்கிட் பெட்டாலிங் எங்கே இருக்கிறது? பழைய அரண்மனை நிற்கும் குன்று அது. நம் பிரிக்ஃபீல்ட்ஸுக்குப் பக்கத்துக் குன்று! ரயில்வே குவார்ட்டர்ஸில் நம் முன்னோர் குடியிருந்த காலத்தில், கூப்பிடு தூரத்தில், ஆர்வத்தால் மட்டுமே உந்தப்பட்ட சிலர் வானத்தில் அலையை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ரேடியோ மலாயா தொடங்கியது 1946 ஏப்ரல் 1இல்தான். அதற்கு முன்பே ஆர்வலர்கள் வழியைத் திறந்துவிட்டார்கள். அந்த வழியில்தான் நாம் நடக்கப் போகிறோம்.

300 மீட்டர், 325 மீட்டர் என்றேனே, அது எதன் நீளம்? அங்கேதான் முதல் பாடம் தொடங்குகிறது. அலைக்கு நீளம் உண்டு. கணக்கு மிக எளிது: 300ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் அலைநீளம் மீட்டரில் வரும். கிள்ளான் பள்ளத்தாக்கில் மின்னல் எஃப்எம் எந்த எண்ணில் வருகிறது? 96.3. முந்நூறை அதால் வகுத்துப் பாருங்கள். ஏறத்தாழ 3.1 மீட்டர். அதை நான்காக மடித்தால் 78 சென்டிமீட்டர். அந்தக் காலத்துக் காரில், கையால் இழுத்து நீட்டுகிற ஏரியல் இருந்ததே, அதன் நீளத்தை நினைத்துப் பாருங்கள். முழுதாக நீட்டினால் ஏறத்தாழ இதே அளவுதான். நம் வாசலில் நின்ற காரே நமக்கு ஆண்டெனா பாடம் நடத்திக்கொண்டிருந்தது. நாம் பாட்டை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தோம்!

இனி ஹாம் அலைகளுக்கு வாருங்கள். புதியவர்கள் முதலில் பழகுவது 2 மீட்டர் அலைவரிசை: 144 முதல் 148 மெகாஹெர்ட்ஸ் வரை. இதற்கு ஓர் ஆண்டெனா செய்ய என்ன வேண்டும்? இரண்டு துண்டுக் கம்பி. அவ்வளவுதானா? அவ்வளவுதான். இதற்கு டைபோல் என்று பெயர். 143ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் டைபோலின் முழு நீளம் கிடைக்கும். 145க்கு 98 அல்லது 99 சென்டிமீட்டர். அதை நடுவில் வெட்டி, பக்கத்துக்கு 49 சென்டிமீட்டராக நீட்டி, கேபிளின் நடுக்கம்பியை ஒரு துண்டுக்கும், மேலே சுற்றிய வலைக்கம்பியை மற்றத் துண்டுக்கும் சேர்த்தால் ஆண்டெனா தயார்.

அரை அலை என்றால் 150ஐ அல்லவா வகுக்க வேண்டும், 143 எங்கிருந்து வந்தது என்று கேட்கிறவர் நல்ல மாணவர். கம்பிக்குத் தடிமன் உண்டு. அதன் முனைகளில் மின்புலம் கொஞ்சம் வெளியே நீள்கிறது. அதனால் கம்பி தன் அளவைவிடச் சற்று நீளமானது போல நடந்துகொள்கிறது. ஆகவே கொஞ்சம் குறைத்து வெட்டுகிறோம். எவ்வளவு குறைப்பது என்பது கம்பியின் தடிமன், மேலுறை, உயரம், பக்கத்தில் இருக்கும் இரும்பு கிரில் எல்லாவற்றையும் பொறுத்தது. அதனால்தான் அனுபவப்பட்டவர்கள் எப்போதும் இரண்டு மூன்று சென்டிமீட்டர் கூடுதலாக வெட்டி, அளந்து பார்த்து, நறுக்கி நறுக்கிச் சரிசெய்கிறார்கள். நீண்ட கம்பியை நறுக்கிவிடலாம்; நறுக்கிய கம்பி வளராது.

இந்தக் கம்பியில் என்ன நடக்கிறது? நடுவில் மின்னோட்டம் அதிகம். முனைகளில் மின்னழுத்தம் அதிகம். அதனால் ஒலிபரப்பும்போது முனைகளைக் கைக்கு எட்டாமல் வையுங்கள், தொட்டால் சுடும். குழந்தைகள் விளையாடும் பால்கனியில் இதை மறக்கவே கூடாது.

சரி, கையில் இருக்கும் வாக்கி-டாக்கியில் இரண்டு துண்டு எங்கே இருக்கிறது? ஒரு குச்சிதானே நிற்கிறது? ஒரு கை தட்டினால் ஓசை எழுமா? எழாது. அங்கே மறுகையாக இருப்பது செட்டின் உலோக உடலும் அதைப் பிடித்திருக்கும் உங்கள் கையும்தான். அது அரைகுறையான மறுகை. ஒரு சோதனை சொல்கிறேன். 49 சென்டிமீட்டர் மெல்லிய வயரை எடுங்கள். ஆண்டெனா திருகும் இடத்தின் வெளி வளையத்தில், உலோகத்தோடு உலோகம் படும்படி மாட்டி, வாலைப் போலக் கீழே தொங்கவிடுங்கள். சற்றுமுன் இரைச்சலில் மூழ்கிய குரல் மேலே எழுந்து வருவதைப் பல இடங்களில் உங்கள் காதாலேயே கேட்கலாம். சில காசு வயர்! அதற்குப் பதிலாக இன்னும் அதிக வாட் செட் வாங்கப் போகிறவர்களைப் பார்த்தால் எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது. வாட்டைக் கூட்டினால் உங்கள் குரல் மட்டும்தான் தூரம் போகும். மறுமுனைக்காரர் குரல் உங்களுக்குக் கேட்காது. நல்ல ஆண்டெனா இரண்டையும் கூட்டுகிறது.

இப்போது இந்தச் சொற்பொழிவின் மையத்துக்கு வருகிறேன். உயரம்! உயரம்! உயரம்!

பிரிக்ஃபீல்ட்ஸில் ஒருவர், கிள்ளானில் ஒருவர். ஜாலான் துன் சம்பந்தனில் நின்று ஒருவர் அழைக்கிறார். ஜாலான் தெங்கு கிளானாவில் நின்று மற்றவர் காது கொடுக்கிறார். நேர்கோட்டில் இரண்டுக்கும் இடையே 28 கிலோமீட்டர் அளவு. இருவர் கையிலும் 5 வாட் செட். கேட்குமா?

இந்த அலைகள் ஏறத்தாழ நேர்கோட்டில் போகின்றன. பூமியோ உருண்டை. ஆண்டெனா எத்தனை மீட்டர் உயரத்தில் இருக்கிறதோ, அதன் வர்க்கமூலத்தை 4.1ஆல் பெருக்கினால், அந்த ஆண்டெனாவின் தொடுவானம் எத்தனை கிலோமீட்டர் என்பது கிடைக்கும். தெருவில் நிற்கிறவர் கையில் செட் ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அவருடைய தொடுவானம் 5 கிலோமீட்டர். மற்றவருக்கும் 5. கூட்டினால் 10. கணக்குப்படியே எட்டாது. நடுவில் பெட்டாலிங் ஜெயாவின் மேடுகளும் கட்டடங்களும் வேறு இருக்கின்றன.

இப்போது பிரிக்ஃபீல்ட்ஸ்காரர் பத்தாவது மாடிக்குப் போகிறார். 30 மீட்டர் உயரம். தொடுவானம் 22 கிலோமீட்டரைத் தாண்டுகிறது. கிள்ளான்காரர் தம் இரண்டு மாடி வீட்டுக் கூரையில், 9 மீட்டர் உயரத்தில் டைபோலைக் கட்டுகிறார். அவருக்கு 12 கிலோமீட்டர். கூட்டுங்கள். 34 ஆகிவிட்டது! 28ஐத் தாண்டிவிட்டோம். செட்டை மாற்றினோமா? வாட்டைக் கூட்டினோமா? ஒன்றும் செய்யவில்லை, ஆண்டெனாவை மேலே ஏற்றினோம், அவ்வளவுதான். மேடும் கட்டடமும் இன்னும் கொஞ்சம் தின்னத்தான் செய்யும். ஆனாலும் முடியாது என்றிருந்தது முடியக்கூடியதாகிவிட்டது. 421 மீட்டர் கோலாலம்பூர் கோபுரத்தை ஏன் மேட்டில், புக்கிட் நானாஸ் மேல் கொண்டுபோய் வைத்தார்கள்? கெந்திங் பக்கம் உலு காலி மலையுச்சியில் ஏன் இத்தனை கோபுரங்கள்? எல்லாம் இதே வர்க்கமூலக் கணக்குதான்.

கொண்டோவில் இருக்கிறோமே, எங்களால் என்ன செய்ய முடியும் என்று ஏங்குகிறவர்களுக்குச் சொல்கிறேன்: நீங்கள் உயரத்தை ஏற்கெனவே வாங்கிவிட்டீர்கள். ஐம்பது சென்டிமீட்டர் கம்பிகள் இரண்டை பால்கனியில் நிறுத்தினால் போதும். கிரில்லிலிருந்து முடிந்த அளவு தள்ளி நிறுத்துங்கள். செங்குத்தாக நிறுத்துங்கள். ஏன் செங்குத்தாக? மற்றவர்களின் காரிலும் கையிலும் இருக்கும் குச்சிகள் செங்குத்தாக நிற்கின்றன. நீங்கள் மட்டும் கிடையாகப் படுக்க வைத்தால் சிக்னலில் பெரும்பகுதி வீணாகும். கம்பியைக் கட்டிடத்துக்கு வெளியே நீட்டுவதாக இருந்தால், நிர்வாகக் குழுவிடம் எழுத்தில் அனுமதி வாங்கிவிட்டு நீட்டுங்கள். பக்கத்து வீட்டுக்காரருக்கும் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்.

அடுத்து கேபிள். மேலே ஏற்றிய ஆண்டெனாவுக்கும் கீழே இருக்கும் செட்டுக்கும் நடுவில் ஒரு கள்வன் ஒளிந்திருக்கிறான். ஆர்ஜி-58 என்ற மெல்லிய கேபிள் 20 மீட்டர் இழுத்தால், 145 மெகாஹெர்ட்ஸில் ஏறத்தாழ 4 டெசிபெல் இழப்பு. அப்படியென்றால்? 5 வாட் அனுப்பினால் 2 வாட்தான் மேலே போய்ச் சேரும். மூன்று வாட் கேபிளைச் சூடாக்கவே செலவாகிறது! அதே கேபிளில் 7 மெகாஹெர்ட்ஸ் அனுப்பினால் இழப்பு ஒரு டெசிபெல்லுக்கும் குறைவு. ஆக, அதிர்வெண் ஏற ஏற நல்ல கேபிள் வேண்டும், குறைந்த நீளம் வேண்டும்.

இங்கே ஒரு சிக்கனம் சொல்கிறேன். பல வீடுகளில் ஆஸ்ட்ரோ தட்டுக்கு இழுத்த ஆர்ஜி-6 கேபிள் மிச்சம் கிடக்கிறது. அது 75 ஓம். நம் செட் 50 ஓம். பொருந்தாது என்று எறிந்துவிடுகிறார்கள். எறியாதீர்கள். திறந்தவெளியில் டைபோலின் நடுப்புள்ளியே 73 ஓம்தான். கேபிளுக்கும் கம்பிக்கும் நல்ல பொருத்தம். செட்டின் பக்கத்தில் எஸ்டபிள்யூஆர் மீட்டர் 1.5 அளவு காட்டும். அதில் திரும்பி வருவது நூற்றுக்கு நான்கு பங்கு மட்டுமே. இழப்போ ஆர்ஜி-58ஐவிடக் குறைவு. ஒரே தொல்லை, அதன் அலுமினிய வலைக்கம்பியில் ஈயம் ஒட்டாது. இறுக்கிப் பிடிக்கும் கனெக்டர் வாங்கிக்கொள்ளுங்கள். புடுவில் ஜாலான் பாசார் பக்கம் நடந்தால் இந்தச் சின்னச் சாமான்கள் கிடைக்கும் கடைகள் வரிசையாக இருக்கின்றன.

எஸ்டபிள்யூஆர் என்றேன். புதியவர்களை இந்த எண் படுத்தும் பாடு கொஞ்சநஞ்சமல்ல. செட்டிலிருந்து போன சக்தியில் எவ்வளவு திரும்பி வருகிறது என்பதன் அளவுகோல் அது. 1 என்றால் எதுவும் திரும்பவில்லை. ஆனால் திரும்பாதது எல்லாம் வானத்துக்குப் போய்விட்டதா? 50 ஓம் ரெசிஸ்டர் ஒன்றை ஆண்டெனா இடத்தில் மாட்டுங்கள். மீட்டர் மிகச் சரியாக 1 காட்டும். அடுத்த தெருவுக்குக்கூட உங்கள் குரல் கேட்காது! எல்லாச் சக்தியும் சூடாகிப் போயிற்று. நீளமான மோசமான கேபிளும் இதே மாயத்தைச் செய்யும். திரும்பி வருவதையும் வழியிலேயே தின்றுவிட்டு மீட்டரில் அழகான எண்ணைக் காட்டும். ஆகவே 1.5, 2 என்று காட்டினால் பதறாதீர்கள். 3ஐத் தாண்டினால் மட்டும் ஒலிபரப்பை நிறுத்திக் காரணத்தைத் தேடுங்கள்.

இனி தூரப் பயணம். 7 மெகாஹெர்ட்ஸ், அதாவது 40 மீட்டர் அலை. 143ஐ 7.1ஆல் வகுத்தால் 20 மீட்டர் கம்பி வேண்டும். நம் ஊரில் இதற்கு இடம் ஏது என்கிறீர்களா? இருபதுக்கு எழுபது அடி என்று நம் தாமான்களில் வரிசை வீடு கட்டுகிறார்களே, அந்த எழுபது அடியை மீட்டரில் சொல்லுங்கள். 21 மீட்டர்! உங்கள் வீட்டு நிலமே ஒரு டைபோலுக்கு அளவெடுத்தது போல இருக்கிறது. நடுவில், கூரைமேல் ஒரு கம்பம். ஒரு கை முன்வாசல் பக்கம், மறுகை பின்சந்துப் பக்கம், கூடாரத்தின் கயிறு போலச் சரித்துக் கட்டுங்கள்.

அவ்வளவு தாழ்வாகக் கட்டினால் பயன் உண்டா? உயரம் உயரம் என்று இவ்வளவு நேரம் முழங்கினேனே, இப்போது மாற்றிச் சொல்கிறேனா? ஆம், இந்த அலைக்கு மாற்றித்தான் சொல்கிறேன். 40 மீட்டர் அலைக்கு எட்டு மீட்டர் உயரம் மிகத் தாழ்வு. அதனால் சக்தி பக்கவாட்டில் போகாமல் மேல்நோக்கிக் கிளம்புகிறது. மேலே அயன மண்டலம் இருக்கிறது. பகல் வேளையில், நம்மைப் போல நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருக்கிறவர்களின் தலைக்கு மேலே அது நன்றாகச் செறிந்திருக்கும். அலையைத் திருப்பி மழைபோலக் கீழே பொழியும். எங்கே விழும்? ஜொகூர் பாருவில் விழும், பினாங்கில் விழும், தித்திவாங்சா மலைத்தொடருக்கு அந்தப் பக்கம் கோத்தா பாருவில் விழும். 2 மீட்டர் அலைக்குச் சுவராக நிற்கும் அதே மலைத்தொடரைத் தாழ்வான கம்பி மேலே ஏறித் தாண்டுகிறது. ஜப்பானையும் ஐரோப்பாவையும் பிடிக்க வேண்டுமானால்தான் அதிக உயரம் தேவை; இல்லாவிட்டால் 28 மெகாஹெர்ட்ஸ் போன்ற சிறிய அலைக்குப் போகலாம். அங்கே டைபோலின் ஒரு கை இரண்டரை மீட்டர் மட்டுமே.

ஆண்டெனாவைப் பேசிவிட்டு யாகியைப் பேசாமல் இறங்க முடியுமா? நம் பழைய வீடுகளின் கூரையில் மீன்முள் போல நிற்கிறதே தொலைக்காட்சி ஏரியல், அதுதான் யாகி. 1926இல் ஜப்பானில், செண்டாய் நகரத்துப் பல்கலைக்கழகத்தில், ஷிந்தாரோ உடா, ஹிதெட்சுகு யாகி ஆகிய இருவரும் வெளியிட்டது. பின்னால் சற்று நீளமான கம்பி, நடுவில் டைபோல், முன்னால் சற்றுக் குட்டையான கம்பிகள். கேபிள் நடுவில் மட்டும்தான். மற்றக் கம்பிகளுக்கு இணைப்பே கிடையாது. இருந்தும் அவை சக்தியை ஒரே பக்கமாகத் திரட்டுகின்றன. கண்டுபிடித்த நாட்டில் இதை அதிகம் பேர் கண்டுகொள்ளவில்லை. 1942இல் சிங்கப்பூர் வீழ்ந்த பிறகு, ரேடாரில் வேலை பார்த்த நியூமன் என்ற பிரிட்டிஷ் வீரரின் குறிப்பேடு ஜப்பானியர் கையில் சிக்கியது. பக்கத்துக்குப் பக்கம் யாகி, யாகி என்று எழுதியிருந்தது. அது என்ன என்று புரியாமல் அந்தக் கைதியிடமே கேட்டார்களாம். உங்கள் நாட்டுப் பேராசிரியரின் பெயர்தானே என்று அவர் சொன்னாராம். ரேடார் வரலாற்றில் பலரும் எடுத்துச் சொல்லும் நிகழ்ச்சி இது. நம் கடலுக்கு அக்கரையில் நடந்தது. 2019இல் பழைய அனலாக் தொலைக்காட்சி நின்றுபோனது. தேவையற்றுப்போன மீன்முள்களை இறக்குகிறவர்கள் அந்த அலுமினியக் குழாய்களை வீசிவிட வேண்டாம். அளந்து வெட்டினால் 2 மீட்டர் யாகிக்கு நல்ல மூலப்பொருள்.

இடியைப் பற்றிக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். நம் கிள்ளான் பள்ளத்தாக்கு உலகிலேயே இடி மின்னல் மிகுந்த வட்டாரங்களில் ஒன்று. மாலை மூன்று மணிக்கு வானம் கறுத்தால் கேபிளைக் கழற்றி வீட்டுக்கு வெளியே போடுங்கள். செட்டை அணைப்பது மட்டும் போதாது. கம்பத்துக்குத் தடித்த செம்புக் கம்பியால் நிலத்தொடர்பு கொடுங்கள். மின்கம்பிக்கு அருகில் எந்தக் கம்பத்தையும் நிமிர்த்தாதீர்கள். சரிந்தால் எவ்வளவு தூரம் விழும் என்று பார்த்து, அதைவிடத் தள்ளியே கம்பத்தை நிறுத்துங்கள். தனியாகக் கூரை ஏறாதீர்கள்.

இத்தனை பாடு எதற்கு என்று வீட்டில் கேட்பார்கள். அவர்களுக்கு 2004 டிசம்பர் 26ஐச் சொல்லுங்கள். அந்தமானில், போர்ட் பிளேரில், டில்லியைச் சேர்ந்த பாரதி பிரசாத் என்ற ஹாம் தம் குழுவோடு வந்து நிலையம் அமைத்திருந்தார். பொழுதுபோக்காக உலகத்தோடு பேச வந்தவர். சுனாமி அடித்தது. தொலைபேசி அறுந்தது. தீவுகளிலிருந்து செய்தியைக் கரைக்குக் கொண்டுவந்தது அந்த ஹாம் அலைகள்தான். உறவினர் உயிரோடு இருக்கிறாரா என்று தவித்தவர்களுக்குப் பதில் கிடைத்தது அதன் வழியாகத்தான். கோபுரம் சாய்ந்த இடத்தில், கம்பியை அளந்து வெட்டித் தூக்கிக் கட்டத் தெரிந்த ஒருவர் இருந்தார். அந்த ஒருவர் நம் தாமானிலும் இருக்க வேண்டாமா?

உரிமத்தைப் பற்றிச் சொல்லி முடிக்கிறேன். மலேசியத் தொடர்பு பல்லூடக ஆணையத்தின் கீழ் அமெச்சூர் வானொலித் தேர்வு இருக்கிறது. தேர்ச்சி பெற்று அனுமதி வாங்கினால் அழைப்புக்குறி கிடைக்கும். தீபகற்பத்தில் பி வகுப்புக்கு 9டபிள்யூ2 என்றும், ஏ வகுப்புக்கு 9எம்2 என்றும் தொடங்கும். அது கையில் வரும்வரை பேசும் பொத்தானை அழுத்தாதீர்கள். அதுவரை சும்மா இருக்க வேண்டுமா? இல்லை. மின்னல் எஃப்எம்முக்குப் பக்கத்துக்கு 74 சென்டிமீட்டராக ஒரு டைபோல் வெட்டுங்கள். ஏரியல் மாட்ட இடமுள்ள பழைய வானொலிப் பெட்டியில் இணையுங்கள். நிறுத்திப் பாருங்கள், படுக்க வையுங்கள், முனையை நிலையத்தின் பக்கம் திருப்புங்கள். ஒலி எங்கே ஏறுகிறது, எங்கே இறங்குகிறது என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். பிறகு 145.800 மெகாஹெர்ட்ஸுக்கு வாருங்கள். அனைத்துலக விண்வெளி நிலையத்தின் ஹாம் ஒலி அங்கேதான் இறங்குகிறது. 2007 அக்டோபரில் நம் நாட்டு ஷேக் முஸாபார் ஷுக்கோர் அந்த நிலையத்துக்குப் போனபோது, அவரும் அங்கிருந்து ஹாம் வானொலியில் பேசினார். நிலையம் தலைக்கு மேலே கடக்கும் நேரத்தை முன்கூட்டியே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். ஒரு தடவைக்கு அதிகம் போனால் பத்து நிமிடம்தான்.

இந்த மேசைமேல் ஒரு சுருள் செம்புக் கம்பியும், வெட்டுக்குறடும், அளவு நாடாவும், ஒரு மீட்டரும் வைத்திருக்கிறேன். தேநீர் முடிந்ததும் மேடைக்குப் பக்கத்தில் வாருங்கள். தம்பி தங்கைகள் முதலில் வரட்டும். ஆளுக்கு 52 சென்டிமீட்டராக இரண்டு துண்டு வெட்டித் தருகிறேன். மூன்று சென்டிமீட்டரை நீங்களே நறுக்க வேண்டும்.